நிறம் போனது, உப்பு நின்றது

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி பெருகப் பெருக, சாயத்தோடு அந்த உப்பும் நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காக 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. “அணையில் தண்ணீர் நிறுத்தாதீர்கள்” என்று விவசாயிகளே கேட்டார்கள். ஒரு பாசன அணைக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

விவசாயிகளின் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தொண்ணூறுகளில் ஒரு சமரசம் உருவானது: சாயப் பட்டறைகள் சேர்ந்து பொது சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டின. அவற்றால் நிறத்தைத்தான் குறைக்க முடிந்தது, உப்பைப் பிரிக்க முடியவில்லை. நிறம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். உப்போ கீழ்மடைக்காரரின் கிணற்றிலும் தென்னையிலும்தான் தெரியும். பார்க்கிறவர்களுக்காக ஒன்றை விட்டுக்கொடுத்து, பாதிக்கப்பட்டவரை அப்படியே விட்டுவைப்பதைச் சமரசம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் (பாசன விவசாயிகள்) சங்கம் 2003-இல் மீண்டும் வழக்குப் போட்டது. 2006 டிசம்பரில் தீர்ப்பு: கழிவுநீரே வெளியேறக் கூடாது, அந்த நிலை வரும்வரை வெளியேறும் ஒவ்வொரு லிட்டருக்கும் பைசாக் கணக்கில் அபராதம். அதற்குத் தந்த கெடு 2007 ஜூலையோடு முடிந்தது. 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேலும் மூன்று மாதம் கொடுத்தது. அதுவும் தீர்ந்தது. தவணை கேட்ட பட்டறைக்காரர்கள் எல்லோரும் ஏமாற்றவே கேட்டார்கள் என்று சொல்ல மாட்டேன்; கடன் வாங்கி எந்திரம் போட்டவர்கள் உண்டு. ஆனாலும் ஒப்புக்கொண்டது ஒன்று, ஆற்றில் ஓடியது வேறு.

நீதிமன்ற அவமதிப்பு மனுவின் பேரில் 2011 ஜனவரி 28 அன்று எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எந்தப் பேச்சுவார்த்தையிலும் உட்காராத தொழிலாளிக்குத்தான் முதலில் கூலி நின்றது.

இத்தனைக்கும் நடுவில் விவசாயிகள் காட்டிய உறுதியை நான் மதிக்கிறேன். இழப்பீட்டைப் பற்றிப் பேசினார்கள், தவணைகளைப் பொறுத்துக்கொண்டார்கள். ஆற்றில் கழிவுநீர் கூடாது என்பதிலிருந்து மட்டும் இறங்கவில்லை. அந்தப் பிடிவாதம் தொழிலுக்கும் ஒரு வழியைத் திறந்தது. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் தந்தது. எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) முறையில் நல்ல நீரைப் பிரித்து, மிஞ்சும் உப்புநீரைத் திரும்பவும் சாயத்தொட்டிக்கே அனுப்பும் முறையை அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையம் செய்து காட்டியது. பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன.

இந்த முறைக்குச் செலவு அதிகம். அந்தச் செலவு சாயக் கூலிக்குள்தான் இருக்கிறது. கிலோவுக்கு ஓரிரு ரூபாய் குறைக்கச் சொல்லிப் பட்டறைக்காரரிடம் பேரம் பேசும் ஏற்றுமதியாளர்களும், அவர்களை நெருக்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் அந்தப் பணத்தைக் குறைக்காமல் கொடுத்துவிட வேண்டும்.