குழந்தைக்குப் பேதியா? தண்ணீரை நிறுத்தாதீர்கள்!

"பேதி போகிற பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காதே. கொடுத்தால் இன்னும் போகும்!"

இப்படிச் சொல்லும் பாட்டி இல்லாத ஊர் உண்டா? மருமகள் டம்ளரை எடுப்பாள். மாமியார் பிடுங்கி வைப்பார். நடுவில் குழந்தை நாக்கு வறண்டு கிடக்கும்.

இந்தச் சண்டையில் நான் மருமகள் பக்கம். பாட்டிமார் கோபிக்கக் கூடாது. அவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். தண்ணீர் குடித்த சற்று நேரத்தில் குழந்தை மறுபடியும் போகிறது. அது மெய்தான். ஆனால் அது குடித்த தண்ணீரால் அல்ல. வயிற்றில் புகுந்த கிருமியின் வேலை. நாம் தண்ணீர் கொடுக்காவிட்டாலும் பேதி போகும். உடம்பில் இருக்கிற தண்ணீர் வெளியேறும். அது வற்றிப் போவதுதான் குழந்தையின் உயிருக்கு எமன்.

பீப்பாயில் கரைத்த மருந்து

1971-ம் ஆண்டு. வங்காள தேசத்தில் போர். லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு ஓடி வந்தார்கள். எல்லை ஓரத்தில் உள்ள பங்கான் என்ற ஊரில் காலரா பரவியது. ஆஸ்பத்திரியில் இடம் இல்லை. தரை எல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டே வந்தது.

அங்கே இருந்தவர் டாக்டர் திலீப் மகலனாபிஸ். குழந்தை வைத்தியர். அவர் துணிந்து ஒரு முடிவு செய்தார். குளூக்கோஸ், சாப்பாட்டு உப்பு, சோடா உப்பு மூன்றையும் அளவாகத் தண்ணீரில் கரைக்கச் சொன்னார். பீப்பாய்களில் ஊற்றி வைத்தார். நோயாளிகளின் உறவினர்களே பிடித்துக் குடிக்கக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 30 பேர் வரை மாண்ட இடத்தில், சாவு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது!

அவர் 2022-ல் காலமானார். அடுத்த ஆண்டு பத்ம விபூஷண் விருது அறிவித்தார்கள். இருக்கும்போதே கொடுத்திருக்கலாம்.

வெறும் தண்ணீர் போதாதா?

போதாது. பேதியில் உப்பும் போகிறது. குடல் சர்க்கரையை இழுக்கும்போது உப்பையும் சேர்த்து இழுக்கும். உப்பைத் தொடர்ந்து தண்ணீரும் உள்ளே போகும். சர்க்கரை அதிகமானால் காரியம் கெட்டது. பேதி கூடும். அதனால்தான் கலரும் பாட்டில் ஜூசும் வேண்டாம் என்கிறேன். "ஓ.ஆர்.எஸ்." என்று பெயர் போட்டு விற்ற சில இனிப்புப் பானங்களும் அதே ரகம்தான். 2025 அக்டோபரில் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது.

உண்மையான உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஒரு லிட்டருக்கா, ஒரு டம்ளருக்கா என்று உறையைப் படித்துவிட்டுக் கரையுங்கள். பொட்டலம் கிடைக்காத நடுராத்திரியில், காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர், தலை தட்டிய டீஸ்பூனால் சர்க்கரை 6, உப்பு அரை. உப்பு கூடவே கூடாது. 24 மணி நேரம் ஆனால் கொட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு தடவை பேதி ஆனதும், 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அரை டம்ளர் வரை கொடுக்கலாம். வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டுங்கள்.

பட்டினி போடுவதும் தவறு. தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். சோறு தின்னும் பிள்ளைக்குக் குழைந்த சோறு, இட்லி, தயிர் கொடுக்கலாம். டாக்டர் கொடுக்கும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் கொடுக்க வேண்டும்.

சிலர் தொக்கம் எடுக்க பஸ் ஏறுகிறார்கள். போய் வர அரை நாள் ஆகிறது. குழந்தை வற்றுவதற்கு அந்த அரை நாள் போதும்.

கண் குழி விழுந்ததா? அழுதால் கண்ணீர் இல்லையா? சிறுநீர் போகவில்லையா? மலத்தில் ரத்தமா? குழந்தை துவண்டு தூங்கிக்கொண்டே இருக்கிறதா? உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். குடிக்கிற நிலையில் இருந்தால், வழியிலும் ஸ்பூனை நிறுத்த வேண்டாம்.