பல் மருத்துவம்

பல் மருத்துவம் என்பது பற்கள், ஈறுகள், நாக்கு, தாடை ஆகியவற்றில் தோன்றும் நோய்களைக் கண்டறிந்து, தடுத்து, குணப்படுத்தும் மருத்துவத் துறை ஆகும்.

பற்சொத்தை

வாயில் வாழும் பாக்டீரியாக்கள் உணவிலுள்ள சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன. இவ்வமிலம் பல்லின் மேலுறையான எனாமலை அரிக்கிறது. எனாமலில் நரம்புகள் இல்லை. எனவே தொடக்கத்தில் வலி தோன்றுவதில்லை. அரிப்பு உள்ளிருக்கும் பற்கூழை நெருங்கும்போதே கடும் வலி உண்டாகிறது. முன்பே கண்டறிந்தால் அடைத்துச் சரிசெய்யக்கூடிய பல்லுக்கு, அந்நிலையில் வேர்ச் சிகிச்சை தேவைப்படலாம். அல்லது பல்லை அகற்ற நேரிடலாம். குழிந்துபோன எனாமல் மீண்டும் வளர்வதில்லை.

வாய்ப் புற்றுநோய்

மதுரை மாவட்டத்தில் பரவைக்கு வடமேற்கே உள்ள சோழவந்தான், வெற்றிலைக்குப் பெயர் பெற்ற ஊர். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. வெற்றிலையுடன் மெல்லப்படும் பாக்கு, புகையிலை ஆகிய இரண்டையும் புற்றுநோயை உண்டாக்கும் பொருட்களாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. புகையிலை சேர்க்காமல் பாக்கை மட்டும் மெல்லுவதும் தீங்கானதே. இரு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், வெண்திட்டு, வாயைத் திறப்பதில் சிரமம் ஆகியவை வலி இல்லாவிடினும் மருத்துவரிடம் காட்டப்பட வேண்டியவை.

பராமரிப்பு

- நாளும் இருமுறை, குறிப்பாக உறங்கும் முன், புளோரைடு கலந்த பற்பசையால் பல் துலக்குதல்
- இனிப்புகளை அடிக்கடி உண்பதைத் தவிர்த்தல்
- பாக்கு, புகையிலை ஆகியவற்றைத் தவிர்த்தல்
- வலி வரும்வரை காத்திராமல் பற்களைப் பரிசோதித்துக்கொள்ளுதல்

கல்வி

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ரபியுதீன் அகமது 1920இல் கொல்கத்தாவில் நிறுவினார். சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953இல் தொடங்கப்பட்டது. மதுரையிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. இத்தகைய கல்லூரிகளைச் சார்ந்த மருத்துவமனைகளில் பொதுமக்களுக்கும் சிகிச்சை அளிக்கப்படுகிறது.