தகர மூடியும் பனைமரமும்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் பத்தமடைக்குச் சென்றிருந்தேன். கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற அவ்வூரின் ஓரத்தில், வெற்றுத் திடலொன்றில் சிறுவர் சிலர் பழைய தகர மூடியை வீசி ஆடிக்கொண்டிருந்தனர். தொலைவில் நின்ற பனைமரத்தை எத்தனை வீச்சில் தொடுவது என்பதே போட்டி. விழுந்த இடத்திலிருந்து மீண்டும் வீச வேண்டும். குறைந்த வீச்சில் தொட்டவன் வென்றவன். நடுவர் இல்லை. தத்தம் கணக்கைத் தாமே கூறினர்.

இதே ஆட்டத்திற்கு அயல்நாட்டில் 'டிஸ்க் கோல்ஃப்' என்று பெயர். கோல்ஃப் என்றதும் செல்வர் மன்றமும் உறுப்பினர் கட்டணமும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? இது அத்தகையதன்று. அமெரிக்காவில் பணியாரக் கடையொன்றின் தகரத் தட்டுகளை மாணவர்கள் வீசி விளையாடியதிலிருந்தே 'ஃபிரிஸ்பி' என்ற பெயர் வந்தது என்பர். எட் ஹெட்ரிக் என்பவர் 1975இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு அருகே ஓக் குரோவ் என்னும் பொதுப் பூங்காவில் முதல் நிலையான திடலை அமைத்தார். தொடக்கத்தில் வெறும் கம்பங்களே இலக்குகள். தட்டைத் தடுத்து ஏந்தும் சங்கிலிக் கூடைக்கு 1977இல் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான திடல்கள். பெரும்பாலானவற்றில் கட்டணமே இல்லை. பாட்டனும் பேத்தியும் சேர்ந்தே ஆடலாம். முன்னே செல்வோர் விலகும்வரை வீசலாகாது என்பது முக்கிய ஒழுங்கு.

ஹெட்ரிக் 2002இல் மறைந்தபோது, அவர் விருப்பப்படி அவரது சாம்பலைக் கலந்து தட்டுகள் வார்த்தனராம்! அஸ்தியை நினைவுப் பொருளாக்கலாகாது என்று 2016இல் திருச்சபை அறிவுறுத்தியிருப்பதால், அவரது ஆர்வத்தை மட்டும் மெச்சுவோம்.

நம் சென்னையிலும் எலியட்ஸ் கடற்கரையில் இளைஞரும் இளம்பெண்களும் ஒரே அணியில் நின்று, தட்டைக் கொண்டு 'அல்டிமேட்' என்னும் வேறோர் ஆட்டம் ஆடுகின்றனர். அங்கும் நடுவர் இல்லை. கடற்கரைக்குக் கட்டணமும் இல்லை.

"நாளையும் ஆடுவீர்களா?" என்று அச்சிறுவரை வினவினேன்.

"கல் நட்டுட்டாங்க ஐயா. வீடு வரப் போகுது" என்றான் ஒருவன். அப்போதுதான் மனை அளந்த எல்லைக் கற்களைக் கண்டேன்.

திரும்பும் வழியெல்லாம் எங்கள் ஆலயத்தின் வடபுற நிலமே மனத்தில் நின்றது. பந்து பட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்த நாளில், சிறுவரைத் துரத்திவிட்டு அதன் வாயிலைப் பூட்டியவன் நானே. அது நடந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அங்கே ஆறு வேப்பமரங்கள் உள்ளன. சங்கிலிக் கூடை வாங்கப் பணம் வேண்டியதில்லை. அடிமரத்தில் சுண்ணாம்பு வளையம் போதும். ஜன்னல் பக்கமாக வீசக் கூடாது என்ற ஒரு விதியைச் சேர்த்துக்கொண்டோம்.

சாவி இப்போது கோவில்பிள்ளையிடம் இருக்கிறது. முதல் ஞாயிறன்று நானும் வீசினேன். முதல் மரத்தைத் தொட எனக்கு ஒன்பது வீச்சு தேவைப்பட்டது.