ஹீட்டிங் ஓடவில்லையா? பாய்லரைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

பிரிட்டனில் வாழும் நம் குடும்பங்களுக்கு அக்டோபர் பிறந்துவிட்டால் வீட்டு ஹீட்டிங் பற்றிய கவலையும் பிறந்துவிடும். கோடை முழுதும் சும்மா கிடந்த வால்வு இறுகிப்போயிருக்கும். வயர்லெஸ் தெர்மோஸ்டாட்டின் பேட்டரி தீர்ந்திருக்கும். வீட்டில் கைக்குழந்தையோ வயதான பெற்றோரோ இருந்தால் ஓர் இரவுகூடப் பொறுக்க முடியாது. அந்த அவசரத்தில் யாரையாவது அழைக்கிறோம். "பாய்லர் பழசு, புதிதாக மாற்றிவிடுங்கள்" என்று சொன்னால் தலையாட்டிவிடுகிறோம். ஆனால் பழுது பாய்லரில் இல்லாமல் அதற்கு உத்தரவு கொடுக்கும் மின்சார அமைப்பில் இருப்பதும் சாதாரணமாக நடப்பதே. அது எப்படி இயங்குகிறது என்று தெரிந்திருந்தால் வருகிறவரிடம் சரியான கேள்வியாவது கேட்கலாம்.

தனியாக வெந்நீர்த் தொட்டி உள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். ப்ரோகிராமர் என்பது நேரம் பார்த்துத் திறக்கும் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். அதிலிருந்து 230 வோல்ட் மின்சாரம் ஹாலில் இருக்கும் தெர்மோஸ்டாட்டுக்குப் போகிறது. வீடு குளிராக இருந்தால் தெர்மோஸ்டாட் அதை அப்படியே மோட்டார் வால்வுக்கு அனுப்புகிறது. வால்வு மெல்லத் திறந்து, திறந்து முடிக்கும்போது தனக்குள் இருக்கும் சின்ன மைக்ரோ சுவிட்சை அழுத்துகிறது. அப்போதுதான் வால்வின் ஆரஞ்சு வயரில் மின்சாரம் வந்து பம்பும் பாய்லரும் ஓடத் தொடங்குகின்றன. ஆக இது ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி வரை மின்சாரம் வந்தது, எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பதே பழுது பார்க்கும் வேலை.

கருவி எதுவும் இல்லாமலே இதில் பாதி தூரம் போய்விடலாம். ஹீட்டிங் சிஸ்டம் முழுவதற்கும் சுவரில் ஒரு ஃபியூஸ் சுவிட்ச் இருக்கும். அதில் உள்ள 3 ஆம்பியர் ஃபியூஸ் போயிருந்தால் எல்லாமே செத்திருக்கும். புது ஃபியூஸும் உடனே போனால் மீண்டும் மீண்டும் மாற்றிப் பார்க்காதீர்கள். எங்கோ ஷார்ட் ஆகிறது என்று பொருள். அடுத்து ப்ரோகிராமரின் கடிகாரம். அக்டோபர் கடைசி ஞாயிறு நேரம் மாறிய பின் அதைத் திருத்தாவிட்டால் எல்லாம் ஒரு மணி நேரம் முன்னதாகவே ஓடி, முன்னதாகவே அணைந்துவிடும். ஃபஜ்ருக்கு உளூச் செய்ய வெந்நீர் வேண்டும் என்று நேரம் வைத்திருப்பவர்கள், தொழுகை நேரம் மாற மாற அதையும் மாற்ற வேண்டியிருக்கும். தெர்மோஸ்டாட்டை முழுதும் கூட்டிவிட்டுக் காது கொடுங்கள். 'டிக்' என்ற சத்தம் கேட்கிறதா?

தொட்டி இல்லாத காம்பி பாய்லராக இருந்தால் சோதனை இன்னும் எளிது. குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறதா? வந்தால் பாய்லர் எரிகிறது. தெர்மோஸ்டாட்டின் உத்தரவு அதற்குப் போய்ச் சேரவில்லை என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். பாய்லருக்குள் இருக்கும் டைவர்ட்டர் வால்வும் இப்படிச் செய்யலாம். அது பொறியாளர் பார்க்க வேண்டியது. பிரஷர் முள்ளையும் பாருங்கள். ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் வரை இருக்க வேண்டும். மிகவும் குறைந்தால் பல பாய்லர்கள் எரியவே மறுக்கும். வயரிங் எவ்வளவு சரியாக இருந்தும் பயனில்லை.

இனி மோட்டார் வால்வுக்கு வருவோம். அதிகம் தொல்லை தருவது அதுதான். வெள்ளி நிறப் பெட்டி போல் குழாயின் மேல் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் ஒரு சிறிய நெம்பு நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வாய் வால்வாக இருந்து, அது மூடியிருந்தால் நெம்பைத் தள்ளும்போது எதிர்ப்பு தெரியும். மின்சாரம் வந்து திறந்திருந்தால் தளர்வாக ஆடும். நெம்பு தளர்ந்திருந்தும் பாய்லர் எரியவில்லையென்றால் மைக்ரோ சுவிட்ச் மீது சந்தேகம் போகிறது. நேர்மாறான பழுதும் உண்டு. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் பாய்லர் எரிந்துகொண்டே இருந்தால் அதே சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம். (பாய்லர் அணைந்த பின் பம்பு மட்டும் சில நிமிடங்கள் ஓடுவது பழுதல்ல, மிச்சச் சூட்டை வெளியேற்றவே அப்படி வைத்திருக்கிறார்கள்.) பல வால்வுகளில் தண்ணீரை வடிக்காமல் தலைப்பகுதியை மட்டும் மாற்றலாம். அதற்கும் புது பாய்லருக்கும் ஆகும் செலவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

வயர்களைத் திறந்து பார்க்கத் துணிபவர்கள் கவனிக்க வேண்டியது: நிறத்தை நம்பாதீர்கள். பிரிட்டனில் சிவப்பு, கறுப்பு போய் பழுப்பு, நீலம் கட்டாயமானது 2006-இல்தான். பழைய வீடுகளில் இரண்டும் கலந்திருக்கும். கறுப்பு வயரை நியூட்ரல் என்று நினைத்துத் தொட்டால், தெர்மோஸ்டாட்டிலிருந்து திரும்பும் லைவ்வாக அது இருக்கலாம். இரண்டு வாய் வால்வின் சாம்பல் நிற வயரில் வால்வு மூடியிருக்கும்போதும் மின்சாரம் இருப்பது வழக்கம். எனவே ஃபியூஸ் சுவிட்சை அணைத்து, ஃபியூஸையும் கழற்றி, தரமான இருமுனை டெஸ்டரால் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். நியான் ஸ்க்ரூடிரைவரை இதற்கு நம்புவது ஆபத்து.

ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டைத் தாமே மாட்டுபவர்கள் இன்னொன்றில் மாட்டிக்கொள்கிறார்கள். சில பாய்லர்களின் கன்ட்ரோல் இணைப்பு குறைந்த வோல்டேஜில் இயங்குவது. அங்கே 230 வோல்ட்டைக் கொடுத்தால் உள்ளிருக்கும் சர்க்யூட் போர்டு போய்விடும். வேறு சில ரிசீவர்கள் வெறும் சுவிட்ச் மட்டுமே. லைவ்விலிருந்து ஒரு லிங்க் வயர் போடாவிட்டால் விளக்கு எரியும், 'டிக்' சத்தமும் கேட்கும், ஆனால் வால்வுக்கு எதுவும் போகாது. பழைய தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் முன் அதன் வயரிங்கை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாய்லரின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். பல பாய்லர்களில் அந்த மூடியே புகை வெளியே கசியாமல் அடைக்கும் பாகம். கேஸ் வேலைக்கு கேஸ் சேஃப் பதிவு சட்டப்படி கட்டாயம். வருபவரின் அடையாள அட்டையைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எந்தெந்த வேலைக்குத் தகுதி பெற்றவர் என்பது அட்டையின் பின்புறம் இருக்கும். கேஸ் வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல், ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 0800 111 999 என்ற எண்ணை அழையுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. அதற்கு அலாரம்தான் வழி.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் வயரில் கை வைக்கவே வேண்டாம். இங்கிலாந்தில் 1985-ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் 11-ஆவது பிரிவு, ஹீட்டிங்கையும் வெந்நீர் அமைப்பையும் பழுது நீக்கித் தர வேண்டிய பொறுப்பை உரிமையாளர் மேல்தான் வைக்கிறது. வாயால் சொல்லிவிட்டுக் காத்திருக்காமல், எந்தத் தேதியில் எது நின்றது, நீங்கள் என்ன பார்த்தீர்கள் என்று மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள். வருடம் ஒரு முறை கேஸ் சோதனை செய்து அதன் சான்றிதழை உங்களிடம் தருவதும் அவர் கடமை. கடைசியாக வந்தது எப்போது என்று அதே மின்னஞ்சலில் கேட்டுவிடலாம்.