வயசாயிடுச்சு, ஆனா பழசு ஆகலே! ஆர்.எஸ்.புரம் பியட் கார்களுக்கு வந்த சோதனை

கோவை,

ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் எப்போதாவது ஒரு பழைய பியட் கார் வந்து நின்றால் போதும். "அட, இது இன்னும் ஓடுதுங்களா!" என்று பெரியவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

டாக்டர், வக்கீல், மில் மேனேஜர் வீட்டு வாசலில் ஒரு காலத்தில் நின்ற கார் அது. ஸ்டீயரிங் பக்கத்திலேயே கியர். 1089 சி.சி. என்ஜின். பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கினார்கள்.

இத்தாலி பெண், பம்பாய் மருமகள்

பியட் இத்தாலிக்காரர்களின் கார். அதை இங்கே செய்தது பம்பாய் குர்லாவில் இருந்த பிரீமியர் கம்பெனி. 1964-ல் '1100 டிலைட்' என்று வந்தது. பிறகு 'பிரசிடெண்ட்' ஆனது. கடைசியில் 'பத்மினி' என்று பெயர் சூட்டிக்கொண்டது. இத்தாலியில் 1969-லேயே இந்த 1100 ரகத்தை நிறுத்திவிட்டார்கள். இங்கேயோ அதற்குப் பிறகும் சுமார் 30 வருஷம் ஓட்டம்!

1985-ல் அதிகாரிகளுக்கென்றே '118 என்.இ.' வந்தது. உடம்பு இத்தாலியின் பியட் 124. இதயம் ஜப்பானின் நிசான் என்ஜின். அதுவும் இன்று கண்ணில் படுவது அபூர்வம்.

கடன் வாங்கிய பிரதமர்

பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் பியட்காரர்தான். விலை 12 ஆயிரம். கையில் இருந்தது 7 ஆயிரம். மீதி 5 ஆயிரத்துக்கு பஞ்சாப் நேஷனல் பாங்கில் கடன் வாங்கினார். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் அவர் இறந்தார். பாக்கிக் கடனை மனைவி லலிதா தமது பென்ஷனில் அடைத்தார். டெல்லி நினைவு இல்லத்தில் அந்தக் கார் இன்றும் பத்திரம்.

மும்பை டாக்சிகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அங்கே டாக்சிக்கு வயது வரம்பு 20. கடைசி பத்மினி டாக்சி பதிவானது 2003 அக்டோபரில். 2023 அக்டோபரோடு ரோட்டை விட்டே போய்விட்டது.

ரெண்டுங்கெட்டான் வயது

சொந்தக் காருக்கு அப்படித் தடை இல்லை. 15 வயதானால் எப்.சி. பார்த்து, ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். ஆனால் கட்டணம்? 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாய். பிறகு 5 ஆயிரம். 20 வயதைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் மத்திய அரசு வைத்த கட்டணம் 10 ஆயிரம்!

'விண்டேஜ்' என்ற பழம்பெருமைப் பட்டம் வாங்கலாமே? அதற்கு 50 வயது தாண்டியாக வேண்டும். 1985-ல் வாங்கிய பத்மினிக்கு 2035 வரை பொறுமை வேண்டும். டீசல் என்ஜின் மாற்றிய வண்டிக்கு அதுவும் சந்தேகம்தான். சேசிஸ், பாடி, என்ஜின் மூன்றும் பிறந்தபடியே இருக்க வேண்டும் என்பது 2021-ல் வந்த விதி.

பட்டம் கிடைத்தாலும் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி, ரிப்பேர், பெட்ரோல் போட என்று மட்டுமே வெளியே எடுக்கலாம். காய்கறி வாங்க மார்க்கெட்டுக்குப் போக அனுமதி இல்லை!

பார்ட்ஸ் கிடைக்காவிட்டால் கடைந்து கொடுக்க கோவையில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆக, இங்கே பியட்டை நிறுத்தப்போவது என்ஜின் அல்ல, காகிதம்தான்.

ஷெட்டில் தூங்கும் பியட்டைப் பழைய இரும்புக்குப் போடும் முன் ஆர்.சி. புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள். தேதி இருந்தால் வண்டிக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது!