கணிப்பொறியின் வாயில்களும் மாணவர் சோதனைகளும்

பாலக்காட்டின் சித்தூர் வட்டாரத்திலும், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளிலும் தமிழ்வழிப் பள்ளிகள் உள. கேரளப் பள்ளிகளுக்குச் சென்றுள்ள ‘எக்ஸ்பைஸ்’ என்னும் சோதனைக் கருவி, அச்சுப்பொறிக்கென அமைந்த ஒரு வாயிலிலிருந்து வளர்ந்ததாகும்.

புதுதில்லியில் இன்று பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையம் எனப்படும் நிறுவனம், 2004-இல் ‘ஃபீனிக்ஸ்’ திட்டத்தைத் தொடங்கிற்று. இயற்பியல் அளவைகளைக் குறைந்த செலவில் கணிப்பொறியைக் கொண்டே செய்வது அதன் நோக்கம். அதன் முதற்கருவி, அச்சுப்பொறியை இணைக்கும் இணைநிலை வாயிலிற் பொருத்தப்பட்டது.

அவ்வாயிலில் 25 துளைகள் உண்டு. வழக்கமாக 888, 889, 890 என்னும் மூன்று முகவரிகள் அதற்குரியவை. முதல் முகவரியில் எழுதப்படும் எண், 2 முதல் 9 வரையுள்ள துளைகளில் மின்னழுத்தமாக வெளிப்படும். 5 என்னும் எண்ணைக் கருதுக. இரும முறையில் அது 00000101 ஆகும். அதனை எழுதிய அளவில் 2-ஆம், 4-ஆம் துளைகளில் 3 முதல் 5 வோல்ட்டு வரையில் அழுத்தம் தோன்றும். மற்ற ஆறும் சுழியை ஒட்டி நிற்கும். தக்க மின்தடையுடன் சிறு விளக்குகளை இணைத்தால் எண்ணையே கண்ணாற் காணலாம். 889-ஆம் முகவரி, வெளியிலிருந்து வரும் ஐந்து கம்பிகளின் நிலையைத் தெரிவிக்கும். அவற்றுள் ஒன்று தலைகீழாகவே படிக்கப்படும். இதனை மறந்தோர் வீணே கம்பிகளை மாற்றி மாற்றி இணைத்துப் பார்ப்பர்!

இக்கம்பிகள் சில மில்லி ஆம்பியர் மின்னோட்டமே தாங்கும். மோட்டாரை நேரே இணைத்தல் ஆகாது. இடையே டிரான்சிஸ்டர் வேண்டும். நிரலுக்கும் தடையுண்டு. வட்டு முதலிய உறுப்புகளும் இத்தகைய முகவரிகளாலேயே ஆளப்படுவதால், தவறான இடத்தில் எழுதிய ஓர் எண் சேமித்த தகவல்களைச் சிதைக்கக்கூடும். ஆதலின் லினக்ஸ் போன்ற இயக்க அமைப்புகள், சிறப்புரிமை பெற்ற நிரலுக்கே வாயிலைத் திறக்கின்றன. தொல்லையெனினும் இது தேவையான காவலே.

பின்னர் இணைநிலை வாயில் கணிப்பொறிகளினின்று மறைந்தது. அதனிடத்தைப் பெற்ற யூ.எஸ்.பி. இணைப்பில், ஓர் எண்ணை எழுதிக் கம்பியை உயர்த்தும் வழியில்லை. எனவே எக்ஸ்பைஸ் கருவியினுள் நுண்கட்டுப்படுத்தி ஒன்று வைக்கப்பட்டது. வாயில்களை ஆளும் நிரல் அதனுட் குடியேறிற்று. மாணவர் பைத்தான் மொழியில் கட்டளையிட்டால் போதும்.

கம்பிச் சுருளினூடே காந்தத்தை விழச் செய்தால் கணநேரமே மின்னழுத்தம் எழும். முள் நகரும் அளவியால் அதனைத் தொடர இயலாது. இக்கருவியோ அதன் ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும். இடுக்கி அணையின் நீரால் இயங்கும் மூலமற்றம் மின்நிலையத்தின் 130 மெகாவாட்டு ஆக்கிகள் ஆறும் இதே விதிப்படியே சுழல்கின்றன. கருவியின் நிரலும் மின்சுற்று வரைபடமும் வெளியிடப்பட்டுள்ளமையால், உள்ளே நடப்பதை அறிய விழையும் மாணவர் அவற்றையும் படித்துப் பார்க்கலாம்.