பல்லுக்கு உகந்தது, எலும்புக்கு ஆகாதது

சென்ற தை மாதம் தருமபுரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர், காலையில் பல் துலக்குவதற்காகப் பற்பசை டியூபைக் கையில் எடுத்தவர், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதன் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததை ஒவ்வொரு சொல்லாகப் படித்து, 'ஃப்ளோரைடு' என்ற இடத்துக்கு வந்ததும் சட்டென்று அதை மாடத்திலேயே வைத்துவிட்டார். "எங்க ஊர்த் தண்ணியைக் கெடுத்ததே இந்தச் சனியன்தானே, இதைக் காசு குடுத்து வாங்கி வாயில வைக்கறீங்களே!" என்று அவர் கேட்டபோது, முன்பற்களில் பட்டை பட்டையாக ஏறியிருந்த பழுப்புக் கறை தெரிந்தது; பால்யத்தில் குடித்த கிணற்று நீர் எழுதிவிட்டுப் போன சாசனம் அது. ஆகவே அவருடைய கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரே பதார்த்தம் ஓரிடத்தில் வியாதியாகவும் மற்றோரிடத்தில் ஔஷதமாகவும் இருப்பது எப்படி என்று அவரிடம் அவசரத்தில் சொன்னது போதாமையால், இங்கே சற்று நிதானமாக எழுதுகிறேன்.

கறையிலிருந்து பிறந்த கண்டுபிடிப்பு

வேடிக்கை என்னவென்றால், பல்லுக்கு ஃப்ளோரைடு நல்லது என்ற ஞானமே, என் உறவினருடையவை போன்ற கறைபட்ட பற்களைப் பார்த்துத்தான் பிறந்தது. 1901-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரத்தில் தொழில் தொடங்க வந்த ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் வைத்தியர், அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்பு நிறம் ஏறியிருப்பதையும், எவ்வளவு தேய்த்தாலும் அது போகாததையும் கண்டு, அதன் காரணத்தைத் தேடி ஏறக்குறைய முப்பது வருஷங்களைச் செலவிட்டார். அந்தப் பற்கள் பார்வைக்கு விகாரமாக இருந்தாலும் சொத்தையாவது அபூர்வம் என்பதும் அவர் கண்ணில் பட்டது. நீரில்தான் ஏதோ இருக்கிறது என்று அவர் சந்தேகித்தார். அந்த 'ஏதோ' ஃப்ளோரைடு என்பதை 1931-ல் ஓர் அலுமினியக் கம்பெனியின் ரசாயன நிபுணரான சர்ச்சில் என்பவர், அர்க்கான்சாஸ் மாகாணத்துப் பாக்சைட் என்ற சுரங்க ஊரின் நீரைச் சோதித்துக் கண்டறிந்தார். பிறகு டிரெண்ட்லி டீன் என்ற சர்க்கார் பல் வைத்தியர், ஊர் ஊராகக் குழந்தைகளின் பற்களைப் பரிசோதித்து, நீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் ஃப்ளோரைடு இருந்தால் சொத்தை குறைகிறது, கண்ணுக்கு உறுத்தும் கறையும் அநேகமாக விழுவதில்லை என்று நிர்ணயித்தார். 1945 ஜனவரியில் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம் தன் குடிநீரில் அதே அளவைக் கலக்கத் தொடங்கிற்று. 11 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்த ஏற்பாட்டுக்குப் பின் பிறந்த குழந்தைகளிடம் சொத்தை 60 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. பற்பசைகளிலேயே ஃப்ளோரைடு வந்துவிட்ட இக்காலத்தில், நீரில் கலப்பதால் கிடைக்கும் லாபம் அவ்வளவு பெரிதாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பல்லின் மேல் நடக்கும் கொடுக்கல் வாங்கல்

பார்வைக்குக் கல்லைப் போல் இருக்கும் பல்லின் மேற்பூச்சு, உண்மையில் ஒரு நாளும் சும்மா இருப்பதில்லை. நாம் மிட்டாயோ, சர்க்கரை போட்ட காப்பியோ உட்கொண்ட சிறிது நேரத்தில், பல்லின் மேல் படிந்துள்ள கிருமிகள் அந்தச் சர்க்கரையை அமிலமாக மாற்றுகின்றன; அமிலத்தின் உக்கிரத்தைக் காட்டும் பிஹெச் அளவு ஏறக்குறைய 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லிலிருந்து சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறத் தொடங்குகின்றன. பிறகு உமிழ்நீர் அமிலத்தைத் தணித்து, போனதைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கிறது. இந்தத் திரும்பச் சேரும் சமயத்தில் சிறிதளவு ஃப்ளோரைடு அருகில் இருந்துவிட்டால், புதிதாகப் படியும் படிகம் பழையதைக் காட்டிலும் உறுதியானதாக அமைந்து, பிஹெச் 4.5 வரைக்கும் தாக்குப்பிடிக்கிறது. ஃப்ளோரைடை உட்கொண்டால்தான் பல் வலுப்பெறும் என்று முற்காலத்தில் எண்ணினார்கள். அதன் முக்கியமான வேலை பல்லின் மேற்பரப்பிலேயே நடக்கிறது என்பது இன்று தெளிவாகிவிட்டது. துப்பிவிடுகிற பற்பசை பலன் தருவதன் ரகசியம் இதுவே. குழந்தைகளிடமும் இளம் பருவத்தினரிடமும் நடந்த பரிசோதனைகளைத் தொகுத்து 2003-ல் வெளியான காக்ரேன் ஆய்வு, இத்தகைய பற்பசையால் சொத்தை சராசரி 24 சதவீதம் குறைவதாகக் கணக்கிட்டது.

டியூபின் முதுகில் இதற்கு மூன்று பெயர்கள் காணப்படலாம். சுண்ணாம்புத் தூளைத் தேய்ப்பானாகக் கொண்ட பசையில் சோடியம் ஃப்ளோரைடைப் போட்டால், சுண்ணாம்பு அதைப் பிடித்துக்கொண்டு பல்லுக்கு விடாது. ஆகையால் அங்கே சோடியம் மோனோஃப்ளோரோபாஸ்பேட்டையும், சிலிக்கா பசைகளில் சோடியம் ஃப்ளோரைடையும் சேர்க்கிறார்கள். மூன்றாவதான ஸ்டானஸ் ஃப்ளோரைடில் வெள்ளீயம் இருப்பதால், அது கிருமிகளையும் அடக்கி, ஈறு வீக்கத்துக்கும் உதவுகிறது; சிலருக்குப் பல்லின் மேல் லேசான பழுப்புப் படிவை உண்டாக்குவது அதன் குறை. அது மேலாகப் படிவது, பல் வைத்தியர் சுத்தம் செய்தால் போய்விடும்.

டியூபின் கணக்கு

நம் நாட்டுச் சட்டப்படி பற்பசையில் ஃப்ளோரைடு 1000 பிபிஎம்-க்கு மேல் இருக்கலாகாது. அந்த அளவை டியூபிலும் அட்டையிலும் அச்சிட வேண்டும். 1000 பிபிஎம் என்பது, ஒரு கிராம் பசையில் ஒரு மில்லிகிராம். ஒரு பட்டாணி அளவு பசை கால் கிராம் நிற்கும் என்று வைத்துக்கொண்டால், அதிலுள்ள ஃப்ளோரைடு கால் மில்லிகிராம். அதிலும் பெரும்பகுதியைத் துப்பிவிடுகிறோம். விளம்பரப் படத்தில் பிரஷ்ஷின் நீளத்துக்குப் பாம்பு போல் பசையைப் பிதுக்கிக் காட்டுவது, கம்பெனியின் விற்பனைக்கு அநுகூலமே தவிர நம் பல்லுக்கு அவசியமானதன்று.

அபாயம் வேறிடத்தில் இருக்கிறது. சரீர எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஃப்ளோரைடு ஒரே சமயத்தில் உள்ளே போனால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்பது வைத்தியர்கள் வகுத்த எல்லை. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது 50 மில்லிகிராம். அதாவது, 100 கிராம் டியூபில் பாதி. ஸ்ட்ராபெரி வாசனையுள்ள பசையைத் தின்பண்டம் என்று நினைத்துப் பிதுக்கித் தின்னும் குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே டியூபை எட்டாத உயரத்தில் வையுங்கள். அப்படித் தின்றுவிட்டால் பால் கொடுத்து, தாமதியாமல் வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். பாலிலுள்ள சுண்ணாம்புச் சத்து ஃப்ளோரைடைப் பிடித்துவைக்கும்.

கிணற்றின் கணக்கு

இனி என் உறவினரின் கிணற்றுக்கு வருவோம். இந்தத் தேசத்தில் ஃப்ளோரைடு வியாதியை முதன்முதலில் உலகுக்குத் தெரிவித்தது சென்னை ராஜதானிதான்; 1937-ல் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட்டும் அவருடைய சகாக்களும், நெல்லூர் ஜில்லாவில் முதுகெலும்பு விறைத்துக் குனியவோ திரும்பவோ முடியாமற்போன குடியானவர்களைப் பரிசோதித்து எழுதினார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளிலும் கடும்பாறைகளிலுள்ள தாதுக்களிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து நிலத்தடி நீரில் சேருகிறது. லிட்டருக்கு 3 மில்லிகிராம் உள்ள கிணற்றிலிருந்து, வெயிலில் உழைக்கும் ஒருவர் நாளுக்கு நான்கு லிட்டர் குடித்தால், 12 மில்லிகிராம் வயிற்றுக்குள் போகிறது; அதில் ஒரு சொட்டையும் அவர் துப்புவதில்லை. காய்ச்சினாலும் அது போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் விரும்பத்தக்க அளவு 1 மில்லிகிராம். வேறு நீரே இல்லாவிட்டால் 1.5 வரை. குழந்தைகளின் புத்திக்கூர்மை பற்றி 2024-ல் அமெரிக்க அரசாங்க நச்சியல் அமைப்பு வெளியிட்டு, பலரைக் கலங்கவைத்த அறிக்கையும், 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைப் பற்றியே பேசுகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் (ஃப்ளோரைடு வியாதி) தணிப்பு என்ற சொல் சேர்ந்திருப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

துலக்கும் முறை

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசி மணி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு, அதுவும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டு. நீரில் ஃப்ளோரைடு மிகுந்த ஊர்களில் சிறு குழந்தைகளுக்கு எந்தப் பசை என்பதைப் பல் வைத்தியரைக் கேட்டே தீர்மானிக்க வேண்டும். ஏனெனில் பல் ஈறுக்குள் உருவாகும் வயதில்தான் கறை விழுகிறது. பற்கள் முளைத்து முடிந்த பெரியவர்களுக்கு எந்தப் பசையாலும் புதிதாக அந்தக் கறை வராது. இரவு படுக்குமுன் துலக்குவதை விட்டுவிடாதீர்கள். துலக்கிய பின் நுரையைத் துப்பினால் போதும்; குவளை குவளையாகக் கொப்பளித்து, மருந்தை வாஷ்பேசினுக்கு வார்க்க வேண்டாம்.

உறவினர் ஊருக்குப் புறப்பட்டபோது டியூபை எடுத்துப் போகச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை. வேப்பங்குச்சி அவருக்குப் போதுமென்றால் அது அவருடைய இஷ்டம். வேறொன்று மட்டும் கேட்டுக்கொண்டேன், அதையே உங்களிடமும் கேட்கிறேன்: வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரை ஒரு சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, மாவட்டத்திலுள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, ஃப்ளோரைடு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.